மெய்யழகனில் குறைந்த 18 நிமிடங்கள்: அண்மையில் பார்த்த படங்கள் பற்றி ஒரு விவாதம்

வெண்ணாற்றங்கரை:

மெய்யழகனை இந்த வாரம் வீட்டில் மறுபடியும் பார்த்தேன். 2024 செப்டம்பர் 27 அன்று வெளியானபோது முதல் நாளே திரையரங்கில் பார்த்த படம் அது. அன்று கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடியது. நீளம் அதிகம் என்று புகார் எழுந்ததும் சில நாட்களிலேயே சுமார் 18 நிமிடங்களைக் குறைத்துவிட்டார்கள். இப்போது வீட்டில் பார்த்தது அந்தக் குறைக்கப்பட்ட வடிவம். பார்த்து முடித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் யாராவது ஒருவர் நம்மை உரிமையோடு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அவர் யார், எந்த வழியில் உறவு என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் கூச்சம். இலை போட்டுப் பரிமாறி, கை கழுவத் தண்ணீர் ஊற்றி, பஸ் ஏற்றிவிடும்வரை அவர் கூடவே இருப்பார். அந்த மனிதரைத்தான் கார்த்தி திரையில் கொண்டுவந்தார். அரவிந்த்சாமியின் அருள்மொழி, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊர்ப்பக்கமே வராதவன். சொத்துத் தகராறில் பிறந்த வீட்டை இழந்தவன். அவனை 'அத்தான், அத்தான்' என்று ஒருவன் வாயோயாமல் அழைக்கிறான். அழைப்பவன் பெயர் அருளுக்கு நினைவில் இல்லை. கதை மொத்தமும் இவ்வளவுதான்.

இவ்வளவு சின்னக் கதைக்கு மூன்று மணி நேரம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த நேரம்தான் படமே. மணமேடையில் தங்கைக்காகக் கொண்டுவந்த நகைகளை அருள் தயங்கித் தயங்கி எடுப்பதும், அவள் அவன் கையாலேயே போட்டுவிடச் சொல்வதும் ஒரு நிமிடத்தில் முடிகிற காட்சியாக இருந்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். இயக்குநர் பிரேம்குமார் அங்கே அவசரப்படவில்லை. பின்னால் வரும் இரவுப் பேச்சிலும் அவர் அவசரப்படவில்லை. கத்தரி விழுந்தது பெரும்பாலும் அந்த இரவில்தான். ஜல்லிக்கட்டு, பழைய வரலாறு, போர் என்று எங்கெங்கோ சுற்றிய பேச்சு குறைந்துவிட்டது. விடியும்வரை பேசினார்கள் என்பது எனக்கு இப்போது தகவலாகத்தான் தெரிகிறது. முதல் நாள் திரையரங்கில் நானும் அவர்களோடு விழித்திருந்தேன்.

குறைத்தது தவறு என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

பொள்ளாச்சி ரசிகன்:

குறைத்தது சரி. நானும் இரண்டு வடிவங்களையும் பார்த்தவன்தான்.

முதல் பாதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் பயணம், கல்யாண மண்டபம், ராஜ்கிரண் வரும் இடம் எல்லாம் அருமை. இரண்டாம் பாதியில் கார்த்தியின் பாத்திரம் பேச ஆரம்பித்ததும் படம் தன் மீதே நம்பிக்கை இழந்துவிட்டது. அவன் நல்லவன் என்பதை அவன் சோறு போடும் விதத்திலேயே பார்த்துவிட்டேன். அதன்பிறகு காளையிடமும் நல்லவன், பாம்பிடமும் நல்லவன், வரலாற்றிடமும் நல்லவன் என்று அடுக்கினால் எனக்கு அந்த மனிதன் விலகிப் போகிறான். தவறே செய்யாத ஒருவனை எவ்வளவு நேரம் நேசிக்க முடியும்?

அதே செப்டம்பரில் ஒரு வாரம் முன்பு வந்த லப்பர் பந்து எனக்கு அதைவிடப் பெரிய படம். தமிழரசன் பச்சமுத்துவின் முதல் படம் என்று நம்பவே முடியவில்லை. வில்லன் கிடையாது. இரண்டு பேருடைய வீம்புதான் கதையை நடத்துகிறது. தினேஷ் நடித்த கெத்து என்ற பாத்திரம் கிரிக்கெட் மட்டையோடு களத்தில் இறங்கும்போது 1989இல் வந்த விஜயகாந்தின் பொன்மனச் செல்வன் படப் பாட்டு ஒலிக்கிறது. எங்கள் ஊர்த் திரையரங்கில் நாற்பது வயதுக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். விஜயகாந்த் மறைந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். ஆனால் அந்தப் பாட்டை வெறும் ஆரவாரத்துக்காக இயக்குநர் வைக்கவில்லை. ஊரார் கண்ணில் நாயகனாக நிற்கிற அதே ஆள், வீட்டில் மனைவிக்குத் தெரியாமல் விளையாடப் போகிறவன். ஸ்வாசிகா நடித்த யசோதை டிராக்டரை மைதானத்துக்குள் ஓட்டிக்கொண்டு வரும்போது அந்த நாயகத்தனம் மொத்தமும் மண்ணாகிறது. சாதியைப் பற்றியும் அந்தப் படம் பேசுகிறது. திறமை இருந்தும் ஓர் அணியில் இடம் கிடைக்காத அன்புவை வைத்து, சொற்பொழிவு இல்லாமல் பேசுகிறது. அந்த அடக்கம் மெய்யழகனின் பிற்பாதியில் இல்லை.

பழைய ஆபரேட்டர்:

தம்பிகள் இருவரும் எழுதியதைப் படித்தேன். வெட்டுவதைப் பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். டெல்டா பகுதியில் இரண்டு திரையரங்குகளில் படம் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான்.

பிலிம் காலத்தில் 18 நிமிடம் என்றால் அது கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருள். 35 மி.மீ. பிலிம் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 18 நிமிடத்துக்கு 1,620 அடி. ஆயிரம் அடி ரீல் கணக்கில் ஒன்றரை ரீலுக்கு மேல். மூன்று மணி நேரப் படம் பதினாறு, பதினேழு ரீலாக வரும். தகரப் பெட்டிகளில் பஸ் கூரையில் ஏற்றி அனுப்புவார்கள். பெட்டி வந்து சேர்ந்தால்தான் எங்களுக்கு உயிர் வரும்.

அந்த நாட்களில் படத்தை வெட்ட இயக்குநர் வேண்டியதில்லை. இரண்டாம் ஆட்டம் முடிந்து கடைசி பஸ்ஸுக்கு ஆட்கள் போக வேண்டும் என்று முதலாளி சொன்னால் ஒரு பாட்டு போய்விடும். பிலிமைக் கத்தரித்து, ஓரத்தைச் சுரண்டி, பசை தடவி, அழுத்தி ஒட்டினால் வேலை முடிந்தது. ஒட்டிய இடம் புரொஜக்டரில் ஓடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கூர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குதிப்பும் தெரியும். வெட்டிய பாட்டை ஒரு டப்பாவில் பத்திரமாக வைத்திருப்போம். பெட்டி திரும்பும் நாளில் மறுபடியும் அதே இடத்தில் ஒட்டி அனுப்ப வேண்டும். சில சமயம் ஒட்டாமலே போனதும் உண்டு. அடுத்த ஊரில் அந்தப் பாட்டு இல்லாமலே படத்தைப் பார்த்திருப்பார்கள். இப்படி ஒரே படம் ஊருக்கு ஒரு மாதிரி ஓடியிருக்கிறது.

இப்போது ஆபரேட்டருக்கு அந்த அதிகாரம் இல்லை, அது நல்லதுதான். படம் கோப்பாக வருகிறது. திறக்கும் அனுமதி தனியாக வருகிறது. இயக்குநர் குறைத்தால் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் குறையும். சான்றிதழ் வாங்கிய படத்தில் கை வைத்தால் தணிக்கை வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். நாங்கள் வெட்டியது அந்த ஊரோடு போயிற்று. முழுப் பிரதி எங்காவது ஓடிக்கொண்டிருந்தது. இப்போது குறைத்த வடிவம் மட்டும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தால், பத்து வருடம் கழித்துப் பார்க்கிறவர்களுக்கு முழுப் படம் எப்படி இருந்தது என்றே தெரியாது. குறைப்பது தயாரிப்பாளர் உரிமை. முழு வடிவத்தையும் பார்க்கும்படி வைத்திருப்பது அவர் கடமை. என் வாதம் அவ்வளவுதான்.

மதுரைக்காரி:

ஆபரேட்டர் ஐயா சொன்ன கடைசிப் பத்திக்காக அவருக்கு ஒரு வணக்கம்.

நீளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கொட்டுக்காளி இரண்டு மணி நேரம்கூட இல்லை. அதையும் மெதுவான படம் என்றுதான் சொன்னார்கள். 2024 ஆகஸ்ட் 23 அன்று வாழையும் கொட்டுக்காளியும் ஒரே நாளில் வந்தன. வாழைக்குக் கூட்டம். கொட்டுக்காளிக்கு எங்கள் ஊரில் இரண்டாம் வாரம் காட்சியே இல்லை. திரைவிழாக்களுக்கு மட்டும் அனுப்ப வேண்டிய படத்தைத் திரையரங்குக்கு ஏன் கொண்டுவந்தார்கள் என்று திரைத்துறைக்குள்ளிருந்தே கேட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி இன்றும் கோபத்தை உண்டாக்குகிறது. எங்கள் ஊர்ப் பெண்ணைப் பற்றி, எங்கள் ஊர்ச் சாலையில் எடுத்த படத்தை பெர்லினில் இருப்பவர்கள் பார்க்கலாம், நாங்கள் பார்க்கக் கூடாதா?

படத்தில் பின்னணி இசை கிடையாது. ஆட்டோ சத்தம், பைக் சத்தம், காற்று, கோழி, மனிதர்களின் மூச்சு, இவைதான். இயக்குநர் வினோத்ராஜ் இசையைச் சிக்கனத்துக்காக விட்டுவிட்டதாக நான் நினைக்கவில்லை. நமது படங்களில் ஒரு பெண் மௌனமாக உட்கார்ந்திருந்தால் வயலின் வந்து அவள் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடும். இங்கே அன்னா பென் நடித்த மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை. வேறு சாதிப் பையனை விரும்பியதால் அவளுக்குப் பேய் பிடித்திருப்பதாக முடிவு செய்து, பேயோட்டுபவரிடம் அழைத்துப் போகிறார்கள். ஆட்டோவுக்குள் உறவுப் பெண்கள் நடுவே அவள். கூடவே பலிக்குக் கொண்டுபோகும் சேவல். என்ன நினைக்கிறாள் என்று சொல்ல யாரும் இல்லை. பார்க்கிற நாம்தான் நினைக்க வேண்டும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஆட்டோவைத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் மீனாவைக் கீழே இறங்கச் சொன்னால் ஒரு நிமிட வேலை. ஆனால் ஆண்கள் எல்லாரும் சேர்ந்து அவளோடு சேர்த்து ஆட்டோவைத் தூக்கித் திருப்புகிறார்கள். அரங்கில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைத்தது. அவள் தரையில் கால் வைத்துவிடக் கூடாது என்பதில் இத்தனை ஆண்களுக்கு இத்தனை பயம். பிறகு வழியில் ஒரு காளை மறிக்கிறது. இத்தனை பேரும் திகைத்து நிற்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைக் கூட்டிக்கொண்டு போகிறாள். இதையெல்லாம் யாரும் வசனத்தில் விளக்கவில்லை.

சூரிக்கு இப்படி ஒரு பாத்திரம் கிடைத்ததும், அதை அவர் செய்ததும் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தொண்டை கட்டிய குரலில், கழுத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு வரும் பாண்டி, மீனாவைக் கட்டிக்கொள்ள இருக்கும் முறைமாமன். ஒலிபெருக்கியில் வரும் பாட்டை மீனா மெல்ல முணுமுணுத்ததற்காக அவன் அடிக்கும் அடி, கைக்கு எட்டிய எல்லார் மீதும் விழுகிறது. அந்தக் காட்சியில் என் பக்கத்தில் இருந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

பொருநைப் பையன்:

அக்கா, வாழைக்குக் கூட்டம் வந்தது எனக்கு மகிழ்ச்சிதான். அதைக் கொட்டுக்காளிக்கு எதிராக நிறுத்த வேண்டாம்.

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். என் அம்மா வாழைத்தார் சுமந்தவர். சும்மாட்டின் மேல் தாரை ஏற்றிக்கொண்டு, சேற்றில் வரப்பு வழுக்க, லாரி நிற்கும் சாலைவரை நடக்க வேண்டும். வாழைக் கறை துணியில் பட்டால் போகவே போகாது. அம்மாவின் வேலைச் சேலையில் ஓர் இடம்கூட அதன் சொந்த நிறத்தில் இருந்து நான் பார்த்ததில்லை. மாரி செல்வராஜ் இதைத் தன் சிறுவயதிலிருந்து எடுத்திருக்கிறார். சிவனணைந்தான் என்ற அந்தப் பையன் காலையில் எழுந்ததும் உடம்பு நோவை மறைத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஓடும் ஓட்டம் பொய் இல்லை. வாங்கிய முன்பணம் தீரும்வரை வேலைக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதும், தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பதும் அப்படியே இருக்கின்றன. ஆட்கள் போக வேண்டிய வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க, தார் ஏற்றிய லாரியின் மேலேயே அவர்களை ஏற்றி அனுப்புகிறார்கள். கதையின் பெருந்துயரம் அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது.

எனக்கு ஒரு குறை உண்டு. டீச்சர் மீது பையனுக்கு இருக்கும் பிரியத்தைச் சொல்லும் பகுதி நீளம். நிகிலா விமல் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனாலும் பாட்டும் கைக்குட்டையுமாக அது வேறு படத்திலிருந்து வந்தது போலத் தெரிந்தது. ரஜினி, கமல் என்று இரண்டு பையன்கள் சண்டை போடுவதில் ஒரு நிமிடம்கூட எனக்கு மிகை இல்லை. அது அந்த வயதின் உண்மை.

கடைசியில் பசியோடு வீட்டுக்கு வரும் பையன் சோற்றுப் பானையைத் தேடுவதை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. பார்த்தவர்களுக்குத் தெரியும். என் அம்மாவைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் தார் சுமந்த காலத்தில் கூட வேலை செய்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கு முன்பு அந்தப் பெயர்களில் பாதி தெரியாது.

யாழ்ப்பாணத்துத் தோழி:

நான் தாமதமாக வந்திருக்கிறேன். மெய்யழகனில் குறைந்தவற்றில் ஈழப் போரைப் பற்றிய பேச்சும் உண்டு என்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். பொள்ளாச்சி நண்பர் அதைச் சொற்பொழிவு என்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒருவன் நடு இரவில், யாரும் கேட்காமலே, எங்கள் சனத்தை நினைத்துக் கலங்குகிறான் என்று ஒரு படம் காட்டியது. அது கதைக்குத் தேவையா என்று கேட்டால், வீடு இழந்தவனிடம்தானே அவன் பேசுகிறான்? அருள் தன் வீட்டை விட்டுப் போகும் தொடக்கப் பகுதியை என் அப்பாவால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் 1995இல் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவர்கள். அருளின் துக்கத்துக்கு ஒரு துணை அந்த இரவுப் பேச்சில் இருந்தது. அதைக் குறைத்ததும் அவன் துக்கம் அவன் குடும்பத்துக்குள் மட்டும் சுருங்கிவிட்டது.

டூரிஸ்ட் ஃபேமிலி பற்றி யாரும் எழுதவில்லையே? 2025 மே 1 அன்று வந்த படம். அபிஷன் ஜீவிந்துக்கு அது முதல் படம், மிகவும் இளையவர். இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் படகேறி இராமேஸ்வரம் வரும் குடும்பம், சென்னையில் ஒரு குடியிருப்பில் தாங்கள் யார் என்பதை மறைத்து வாழ்கிறது. சசிகுமாரும் சிம்ரனும் எங்கள் பேச்சை முழுவதும் பிடித்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேலிக்குப் பயன்படுத்தவில்லை. அதுவே எங்களுக்கு ஆறுதல். அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத ஒரு தெருவே, ஒரு சாவு வீட்டில் ஒன்றுகூடுகிற இடம் மிக நன்று.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. 2022 மார்ச் தொடங்கி உண்மையாகவே அரிச்சல்முனைப் பக்கம் படகில் வந்து இறங்கிய குடும்பங்கள் உண்டு. அவர்களை மண்டபம் அகதிகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 1983க்குப் பிறகு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு 2021இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. குடியுரிமை அவர்களுக்கு இன்னும் எட்டாத ஒன்று. படத்தில் எல்லாருடைய நல்ல மனமும் சேர்ந்து சிக்கலைக் கரைத்துவிடுகிறது. படம் எனக்குப் பிடித்தது, சிரித்தேன், அழுதேன். ஆனால் அந்த முகாம் வாசலையும் ஒரு காட்சியில் காட்டியிருக்கலாம்.

பொள்ளாச்சி ரசிகன்:

தோழி எழுதியதைப் படித்தபின் அந்தப் பகுதியைச் சொற்பொழிவு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒரு படம் எதைப் பேசுகிறது என்பது வேறு, எப்படிப் பேசுகிறது என்பது வேறு. பேசிய பொருள் பெரியது என்பதாலேயே காட்சி நன்றாகிவிடாது. வீடிழந்த இருவர் அதைப் பற்றிப் பேசியிருந்தால் நானும் உட்கார்ந்து கேட்டிருப்பேன். ஒருவன் பேச, மற்றவன் வியந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். அங்கேதான் எனக்குப் படம் நழுவுகிறது.

வெண்ணாற்றங்கரை:

வியந்து பார்க்கவில்லை, கூசிப்போய்ப் பார்க்கிறான். அரவிந்த்சாமியின் முகத்தை மறுபடி கவனியுங்கள். எதிரில் இருப்பவன் தன்னைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறான். அருள் விட்டுப்போன பழைய சைக்கிளால் தன் குடும்பமே தலையெடுத்தது என்கிறான். கேட்பவனுக்கோ அவன் பெயர்கூடத் தெரியாது. ஒவ்வொரு நல்ல சொல்லும் அருளுக்குக் கடனாக ஏறுகிறது. அந்தப் பாரம் தாங்காமல்தானே விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பிப் போகிறான்? பேச்சு நீள நீளத்தான் அவன் ஓட்டத்துக்கு நியாயம் கூடும். குறைத்த வடிவத்தில் அவன் கொஞ்சம் அவசரப்பட்டு ஓடியவனாகத் தெரிகிறான். கார்த்தியின் பேச்சைக் குறைத்தபோது அரவிந்த்சாமியின் நடிப்பில்தான் கத்தரி விழுந்திருக்கிறது.

பழைய ஆபரேட்டர்:

நல்ல வாதம் தம்பி. இதை நான் யோசிக்கவில்லை.

இதோடு ஜமா படத்தையும் ஒருமுறை பாருங்கள். 2024 ஆகஸ்ட் 2 அன்று வந்தது. பாரி இளவழகன் எழுதி, இயக்கி, நடித்த படம், இளையராஜா இசை. திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் கலைஞர்களின் கதை. பெண் வேடமே கட்டிக்கொண்டிருக்கும் கல்யாணத்துக்கு அர்ச்சுனன் வேடம் கட்ட வேண்டும் என்று ஆசை. சேத்தன் நடித்த வாத்தியார் தாண்டவத்தை யாரும் பேசவில்லையே என்று எனக்கு வருத்தம். கூத்து விடிய விடிய நடக்கும் கலை. விடிய விடிய உட்கார்ந்து பார்த்த சனம்தான் நாம்.

மதுரைக்காரி:

ஜமாவைக் குறித்துவைத்துக்கொண்டேன் ஐயா.

கொட்டுக்காளியின் முடிவைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். படம் பாதியில் நின்றுவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பேயோட்டுபவர் இன்னொரு பெண்ணை என்ன செய்கிறார் என்று பாண்டி தன் கண்ணால் பார்க்கிறான். அடுத்து மீனாவின் முறை. அதுவரை அவளைக் கொண்டுவந்து சேர்ப்பதிலேயே குறியாக இருந்தவன் அவன். அதற்கு மேல் அவன் திரும்பிப் போனான் என்று காட்டினால் அவன் திருந்திவிட்டான் என்று நாம் நிம்மதியாக எழுந்து போய்விடுவோம். அவளை உள்ளே அனுப்பினான் என்று காட்டினால் அவனைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். வினோத்ராஜ் இரண்டையும் நமக்குத் தரவில்லை.

அரங்கில் விளக்கு போட்டதும் பின்வரிசையில் ஒருவர் காசைத் திருப்பிக் கொடுங்கள் என்று கத்தினார். அவருடன் வந்த பெண் மட்டும் எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெண்ணாற்றங்கரைத் தம்பி, 18 நிமிடங்களை யார் கேட்டதற்காகக் குறைத்தார்கள் என்று தெரியவில்லை. கத்தியவர் சொன்னதைக் கேட்டார்கள் என்றால், உட்கார்ந்திருந்தவரையும் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.